ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஊர்

கேள்வி: பெருநகரை ஒட்டிய ஒரு புறநகரில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கணவரின் அலுவலகம் பெருநகரின் நடுவில் இருக்கிறது. முதல் வகுப்பில் சேரவேண்டிய மகனும், முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாத மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் ஒரு வீட்டைப் பார்த்தோம். வெளிச்சமும் காற்றும் நன்றாக இருந்தன. ஊரும் அமைதியாகத் தெரிந்தது. இரண்டு வாரத்துக்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும் என்கிறார் தரகர். விசாரித்தவர்களில் பாதிப் பேர் அருமையான ஊர் என்கிறார்கள், மீதிப் பேர் அங்கே போகவே வேண்டாம் என்கிறார்கள். "வாடகை வீடுதானே, பிடிக்காவிட்டால் காலி செய்துவிடலாம்" என்பது கணவரின் கருத்து. கையில் இருக்கும் நாட்களுக்குள் ஓர் ஊரை எப்படித் தெரிந்துகொள்வது? ஒப்பந்தத்தில் எவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அருமையான ஊர் என்று சொன்னவர்களும் போகவே வேண்டாம் என்று தடுத்தவர்களும் உண்மையையே சொல்லியிருக்கக்கூடும். காலையில் கிளம்பிப் போய் இரவில் திரும்புகிறவருக்குத் தெரிந்த ஊர் வேறு; நாள் முழுவதும் அங்கேயே இருக்கிற முதியவருக்குத் தெரிந்த ஊர் வேறு. சொந்த வாகனம் வைத்திருப்பவர் "பக்கத்தில்தான்" என்று சொல்லும் மருத்துவமனை, பேருந்தை நம்பியிருப்பவருக்கு அரை நாள் வேலையாகிவிடும். ஆகவே ஊரைப் பற்றி வருகிற அபிப்பிராயங்களை எண்ணிப் பார்த்து, எந்தப் பக்கம் ஆட்கள் அதிகம் என்று முடிவு கட்டுவதில் பயனில்லை. உங்கள் குடும்பத்தில் நான்கு பேர் இருக்கிறீர்கள். நான்கு விதமான நாட்கள் அந்த ஊரில் கழியப்போகின்றன. ஒவ்வொருவருடைய வேலைநாளையும் விடியலிலிருந்து உறங்கப் போகும் வரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த நாளை அந்த ஊரில் நடத்திப் பார்ப்பதுதான் நான் அறிந்தவரையில் நேரான வழி.

நீங்கள் ஊரைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மதியத்தில். தூங்குகிறவரின் முகத்தைப் பார்த்து அவருடைய கோபதாபங்களைக் கணிக்க முடியாது. அன்றைக்குப் பள்ளி இல்லை, அலுவலகம் இல்லை, சரக்கு வண்டிகள் குறைவு, குடியிருப்பில் பாதிப் பேர் உறக்கத்தில் இருந்திருப்பார்கள். தரகர்கள் வீடு காட்ட அந்த நேரத்தை விரும்புவதில் வியப்பில்லை. இரண்டு வாரம் கையில் இருக்கிறது என்றால், அதில் ஒரு வேலைநாளின் காலை, ஒரு மாலை, ஓர் இரவு, முடிந்தால் நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு மணி நேரம் என்று நேரங்களைப் பிரித்துக்கொண்டு மறுபடி போய்வாருங்கள். நால்வரும் சேர்ந்து போகவேண்டிய அவசியமில்லை. யாருடைய நாளைச் சோதிக்கிறீர்களோ அவர் போனால் போதும்.

கணவரின் பயணம்தான் நீளமானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஒரு வேலைநாளில், அந்தக் குடியிருப்பின் வாசலிலிருந்து, வழக்கமாகக் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில், நாள்தோறும் பயன்படுத்தப்போகிற அதே வாகனத்தில் அலுவலகம் வரை போகவேண்டும். மாலையில் திரும்பியும் வரவேண்டும். போகும்போது சீராக நகரும் சாலை, திரும்பும்போது ஒரு பாலத்தின் அடியில் முக்கால் மணி நேரம் நின்றுவிடுவது புறநகர்களில் சாதாரணம். கைப்பேசியில் இருக்கும் வரைபடச் செயலியில் புறப்படும் கிழமையையும் நேரத்தையும் குறிப்பிட்டுத் தேடினால், "35 முதல் 70 நிமிடம்" என்பதுபோல ஒரு வரம்பைக் காட்டும். பெரும்பாலோர் 35 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு வாடகை பேசிவிடுகிறார்கள். காலையில் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டியவருக்கு 70தான் கணக்கு.

அவர் பேருந்தில் போகிறவர் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கால அட்டவணையில் மணிக்கு இரண்டு பேருந்துகள் என்று இருக்கும். சராசரியாகப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்று நினைப்போம். பேருந்துகள் சரியாக அரை மணிக்கு ஒன்றாக வந்தால்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். முதல் பேருந்துக்குப் பிறகு பத்து நிமிடத்தில் அடுத்தது வந்து, அதன் பிறகு ஐம்பது நிமிடம் எதுவும் வராமல் இருந்தால், அப்போதும் மணிக்கு இரண்டு பேருந்துகள்தான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் மிகப் பலர் அந்த ஐம்பது நிமிட இடைவெளிக்குள் வந்து சிக்கிக்கொள்வதால், சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 22 நிமிடமாக உயர்ந்துவிடுகிறது. எத்தனை பேருந்துகள் ஓடுகின்றன என்பதைவிட எவ்வளவு ஒழுங்காக ஓடுகின்றன என்பது முக்கியம். அதை அட்டவணை சொல்லாது. காலை வேளையில் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். அங்கே நிற்பவர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டும், வருகிற பேருந்தில் ஏற முடியாமல் அடுத்ததற்காக ஒதுங்கி நின்றுகொண்டும் இருந்தால் உங்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

பயணத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கக் காரணம் உண்டு. மனிதர்கள் எந்த ஊரில், எந்த வாகன வசதியோடு வாழ்ந்தாலும் போகவர ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்கு ஒதுக்கப் பார்க்கிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் எடுத்துக்காட்டினார். அதற்கு மேல் போகும் பயணம் உறக்கத்திலிருந்தோ குழந்தையோடு இருக்கும் நேரத்திலிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும். நீண்ட பயணத்தை ஏற்றுக்கொள்கிறவருக்குக் குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுசெய்துவிடும் என்பது பொருளியலின் பழைய எதிர்பார்ப்பு. புரூனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டட்ஸர் என்ற சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் விவரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டபோது, பயணம் நீள நீள மக்கள் தங்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவாக இருப்பதாகவே சொன்னது தெரியவந்தது. நாம் வாடகையில் மிச்சமாவதைக் கூட்டிப் பார்க்கிறோம். பயணத்தில் இழப்பதைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

உங்கள் வேலை அதே ஊரில் என்பதால் உங்கள் நாள் எளிது. இருந்தாலும் காலை நேரத்து ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்: பெருநகரை நோக்கிப் போகும் வண்டிகள் மட்டும் நிரம்பி வழிந்து, அங்கிருந்து வருகிறவை காலியாக இருக்கின்றனவா, அல்லது இரு திசையிலும் கூட்டம் இருக்கிறதா? ஒரு திசையில் மட்டும் கூட்டம் என்றால் அது பெரும்பாலும் உறங்குவதற்கு மட்டும் திரும்பி வருகிறவர்களின் ஊர். இரு திசையிலும் கூட்டம் என்றால் அந்த ஊருக்கென்று சொந்தமாக வேலையும் பிழைப்பும் இருக்கின்றன. பகலிலும் கடைகளும் மருத்துவர்களும் மனித நடமாட்டமும் இருக்கும். இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு 1898இல் தோட்ட நகரம் என்ற திட்டத்தை முன்வைத்தபோதே, வீடுகளோடு தொழிற்சாலைகளும் கடைகளும் அங்கேயே அமைய வேண்டும் என்றுதான் சொன்னார். 1903இல் லெட்ச்வொர்த் நகரம் அந்த எண்ணத்தில்தான் தொடங்கப்பட்டது. பின்னால் உலகெங்கும் எழுந்த பல புறநகர்கள் அவருடைய மரங்களை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைகளை விட்டுவிட்டன.

இந்த வேறுபாடு அதிகம் பாதிக்கப்போவது உங்கள் மாமியாரை. நீங்கள் மூவரும் போன பிறகு அந்த ஊரில் பகலைக் கழிக்கப்போகிறவர் அவர்தான். வீடு பார்க்கும்போது பலரும் மறந்துவிடுகிற நாளும் அவருடையதுதான். விளம்பரத்தில் "நடக்கும் தூரம்" என்று எழுதப்பட்டிருப்பதை நம்ப வேண்டாம். நல்ல உடல்நலம் உள்ள ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 மீட்டர் நடப்பார். 400 மீட்டர் தூரம் அவருக்கு ஐந்து நிமிடம். முழங்கால் வலி உள்ளவருக்கு அதே தூரம் அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுப்பதோடு, நடுவில் உட்கார ஓர் இடமும் தேவைப்படும். அவரை ஒருநாள் பகலில் அழைத்துச் சென்று, வாசலிலிருந்து மருந்துக் கடை வரையும், பூங்கா இருந்தால் அது வரையும் நிதானமாக நடந்து பாருங்கள். நடைபாதை தொடர்ந்து இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி இறங்குகிறதா, சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டிகள் நிற்கின்றனவா என்பதெல்லாம் அவருடைய காலுக்கு உடனே தெரியும். நான்காம் தளம் என்பதால் லிஃப்டைப் பற்றியும் தீர விசாரிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, கடைசியாக லிஃப்ட் பழுதானபோது எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்று வேறு தளத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். லிஃப்ட் ஒரு வாரம் ஓடவில்லை என்றால் உங்கள் மாமியார் ஒரு வாரம் வீட்டுச் சிறையில் இருக்க வேண்டியதுதான்.

பள்ளியைப் பொறுத்தவரை, முகவரி எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பல நாடுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கை வீட்டு முகவரியை வைத்தே நடக்கிறது. புறநகர்கள் பெரும்பாலும் பல உள்ளாட்சிகளின் எல்லைகளைத் தாண்டிப் பரவி வளர்ந்தவை. ஒரே ஊர்ப் பெயரில் கடிதம் வந்தாலும் தெருவின் இந்தப் பக்கம் ஒரு நிர்வாகத்திலும் எதிர்ப்பக்கம் வேறொன்றிலும் இருக்கலாம். குப்பை எடுப்பது, குடிநீர் தருவது, தெருவிளக்கைப் பழுதுபார்ப்பது எல்லாம் அந்தக் கோட்டைப் பொறுத்து மாறும். தரகரின் வாய்மொழியை விட்டுவிட்டு, உள்ளாட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் கட்டட எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

இரவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். வேலைநாள் ஒன்றில் இரவு பத்து மணிக்கு மேல், படுக்கையறைச் சன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கத்துத் தெருவில் சிறிது நேரம் நில்லுங்கள். உரிமையாளர் சம்மதித்தால் அந்த அறையிலேயே சன்னலைத் திறந்தும் மூடியும் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட பரிந்துரையில், சாலைப் போக்குவரத்தின் இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. டெசிபெல் அளவு சாதாரண எண்களைப்போல ஏறுவதில்லை. பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு ஓசையாகக் கேட்கும். கைப்பேசிச் செயலி காட்டும் எண் துல்லியமானது அல்ல. ஆனால் இப்போது நீங்கள் உறங்கும் அறையையும் அந்த அறையையும் ஒரே கைப்பேசியால் அளந்து ஒப்பிட்டால் வேறுபாடு புரிந்துவிடும். ஒருவகை ஓசையிடம் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஜெனரேட்டரின் உறுமல், விழா மண்டபத்து ஒலிபெருக்கியின் அதிர்வு போன்ற தாழ்ந்த சுருதி ஓசைகளைச் சன்னலும் சுவரும் எளிதில் தடுப்பதில்லை. பக்கத்தில் மண்டபம் இருந்தால் விழா நடக்கும் ஓர் இரவில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மழைக்காலத்தில் அங்கே என்ன நடக்கும் என்பதைக் கட்டடமே எழுதி வைத்திருக்கும். படிக்கத் தெரிய வேண்டும். வாகனம் நிறுத்தும் கீழ்த்தளத்துக்குப் போய்த் தூண்களைப் பாருங்கள். எல்லாத் தூண்களிலும் ஒரே உயரத்தில் மங்கிய பழுப்புக் கோடு ஓடினால் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. வண்ணம் புதிதாகப் பூசியிருந்தால் மின் மீட்டர் பெட்டிகளின் அடிப்பக்கத்தையும் இரும்புக் கதவின் கீல்களையும் பாருங்கள். அங்கெல்லாம் யாரும் தூரிகையைக் கொண்டுபோவதில்லை. துரு எந்த உயரத்தில் தொடங்கி எங்கே நிற்கிறது என்பது பளிச்சென்று தெரியும். பக்கத்துக் கடைகளின் படிகள் சாலையிலிருந்து வழக்கத்துக்கு மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தால் அதற்கும் காரணம் இருக்கும். வெள்ள அபாய வரைபடம் வெளியிடும் ஊர்களில் "நூறாண்டு வெள்ளம்" என்று குறிப்பிடுவதைக் காண்பீர்கள். நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பது அதற்குப் பொருள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது ஆண்டு குடியிருக்கும் சொந்த வீட்டுக்காரருக்கு அந்த வாய்ப்பு 26 விழுக்காடு. மூன்று ஆண்டு இருக்கப்போகும் உங்களுக்கு ஏறத்தாழ மூன்று விழுக்காடுதான். ஆகவே பெருவெள்ளத்தை நினைத்து அஞ்சுவதைவிட, ஆண்டுதோறும் நாலு முறை வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமா என்று விசாரிப்பதே வாடகைக்கு இருப்பவருக்கு உரிய கவலை. நான்காம் தளத்தில் வீடு நனையாது. ஆனால் கீழே மின் பெட்டி நனைந்தால் மேலே விளக்கும் லிஃப்டும் இல்லை.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை சில உண்டு. காலை நேரத்தில் குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிற கட்டடங்களில் மேல்தளங்களுக்குத்தான் அழுத்தம் குறைவு, ஏனெனில் தொட்டிக்கும் குழாய்க்கும் உயர வேறுபாடு அங்கேதான் மிகக் குறைவு. குளியலறைக்கு மறுபக்கச் சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சுவருக்குள் ஓதம் இருந்தால் நீர் ஆவியாகி உப்பை வெளியே விட்டுச் செல்லும், எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் அது திரும்பி வரும். வெப்பமான ஊர் என்றால் பெரிய சன்னல்கள் மேற்கே பார்க்கின்றனவா என்பதைக் கவனியுங்கள். மாலை வெயில் தாழ்வாக வருவதால் மேலே நீட்டிய கூரைத் தடுப்பு அதை மறைக்காது. மதியம் நீங்கள் பாராட்டிய வெளிச்சம் மாலையில் வேறு முகம் காட்டும். கதவுகளை அடைத்துவிட்டுப் படுக்கையறை மூலையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் செய்துவிடுங்கள்.

அங்கே வாழ்கிறவர்களிடம் பேசும்போது "ஊர் எப்படி?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில்தான் கிடைக்கும். கடைசியாகத் தண்ணீர் வராத நாள் எது, இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டுப் பெண்கள் எந்த வழியாக வருகிறார்கள், குழந்தைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று நடந்ததைக் கேளுங்கள். காலி செய்துகொண்டு போகும் குடும்பம் ஏதாவது அந்தக் கட்டடத்தில் இருந்தால் அவர்களைத் தவறவிட வேண்டாம். அவர்களுக்கு உங்களிடம் எதையும் மறைக்க வேண்டிய தேவை இல்லை.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு உள்ள பெரிய வசதியே விட்டுப் போகலாம் என்பதுதான். சொந்த வீடு வாங்குகிறவரைப்போல எல்லாவற்றையும் துருவிக்கொண்டிருந்தால் எந்த வீடும் அமையாது. ஆனால் காலி செய்வதற்கு ஒரு விலை உண்டு. திரும்பி வராமல் போகக்கூடிய முன்பணம், தரகுக் கட்டணம் மறுபடி ஒருமுறை, சாமான் ஏற்றும் செலவு, ஆண்டின் நடுவில் பள்ளி மாறும் பிள்ளை ஆகிய அனைத்தையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையில் சிறு பகுதியைச் செலவிட்டால் நால்வரும் ஒரு வாரம் அதே ஊரில் தற்காலிகமாகத் தங்கி, அங்கிருந்தே வேலைக்குப் போய்வந்து பார்க்கலாம். இரண்டு வாரத்தில் ஒரு வாரத்தை அதற்குக் கொடுங்கள் என்பதே என் யோசனை. அதற்குள் வீடு போய்விட்டால் போகட்டும். ஊர் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு அங்கே இன்னொரு வீடு தேடுவது கடினமல்ல. ஓட்டையான குழாயையும் மங்கிய வண்ணத்தையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். சாலையின் நெரிசல், இரவின் இரைச்சல், தாழ்வான நிலம் ஆகிய மூன்றையும் எந்த உரிமையாளராலும் சரிசெய்து தர முடியாது. இவற்றில் ஒன்று உங்களில் ஒருவருடைய நாளைக் கெடுக்கும் என்று தெரிந்தால் வீட்டின் வெளிச்சத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்து ஒப்பந்தம் எழுதும்போது, கணவரின் வாதத்தையே அதில் எழுதி வாங்குங்கள். பிடிக்காவிட்டால் போய்விடலாம் என்பது ஒப்பந்தம் அனுமதித்தால்தான் உண்மை. குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆகவேண்டும் என்ற லாக்-இன் நிபந்தனை இருந்தால் அதை நீக்கவோ குறைக்கவோ கேளுங்கள். காலி செய்வதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, அது இரு தரப்புக்கும் ஒன்றுதானா, முன்பணம் சாவி கொடுத்த எத்தனை நாளில் திரும்பி வரும், எந்தெந்தக் காரணத்துக்காக அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம், பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, லிஃப்ட், தண்ணீர் மோட்டார் பழுதுக்கு யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். குடிபோகும் நாளில் ஒவ்வொரு அறையையும், சுவரில் உள்ள கீறல்கள் உட்பட, தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். இவற்றில் ஒன்றிரண்டை அவர் மறுப்பது இயல்பு, பேசிக்கொள்ளலாம். ஆனால் முன்பணம் திரும்பும் நாளை எழுதித் தர மறுக்கிறவரிடம் மட்டும் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.